வெளியே கொட்டப்பட்டவை

பதிவேட்டில் ஏழு கட்டங்கள் இருந்தன. தேதி, காகிதம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக், துணி. ஏழாவது கட்டத்தின் தலைப்பு நீளம் என்பதால் அதை இரண்டு வரியாக அச்சிட்டிருந்தார்கள்: வெளியே கொட்டப்பட்டவை (கிலோ).

எடை எழுதும் வேலையில் சேர்ந்த அன்று பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். மற்றக் கட்டங்களில் எண்கள் நாளுக்கு நாள் மாறின. ஏழாவதில் ஏழு வருடமாக ஒரே எண்தான். பூஜ்யம். எல்லாமே ஒரே கை போட்டவை. உச்சியில் தொடங்கி இடப்பக்கமாகச் சுற்றி வந்து, முடிகிற இடத்தில் ஒரு சின்ன வால்.

நான் வேதியியல் படித்தவள். ஏழு வருடம் அசையாத ஓர் அளவைப் பார்த்தால் கருவியைத்தான் முதலில் சந்தேகப்படத் தோன்றும்.

சமூக மறுசுழற்சி மையம் என்பது பலகையில் இருக்கிற பெயர். எல்லோரும் சென்டர் என்பார்கள். பஸ் டிப்போவின் பின்சுவருக்கும் ரயில் பாதைக்கும் நடுவில், தெரு முடிகிற இடத்தில் இருந்தது. ஓர் இரும்பு கேட். ஐந்து பெரிய தொட்டிகள். எடை மெஷின் வைத்த கொட்டகை. அதற்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. சுற்றுத் தெருக்காரர்கள் வீட்டில் பிரித்து வைத்ததை எடுத்து வந்து எடை போட்டு, உரிய தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. காவலரும் அவர் மனைவியும் அந்த அறையில் குடியிருந்தார்கள். வேலையோடு சேர்ந்து கிடைத்த அறை. வேறு வீடு அவர்களுக்கு இல்லை.

காவலரின் பட்டப்பெயர் தராசு. மூட்டையை ஒரு கையால் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடை சொல்வார். மெஷினுக்கும் அவருக்கும் கால் கிலோவுக்கு மேல் வித்தியாசம் வராது. நான் அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டேன். அவர் என் பெயரை ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு அதை உபயோகிக்கவில்லை.

"என்னம்மா படிச்சிருக்கே?"

"கெமிஸ்ட்ரி."

"சரி கெமிஸ்ட்ரி, அந்த ஸ்டூல்ல உட்காரு. ஒரு கால் கட்டை. நீயும் ஒரு பக்கமா சாஞ்சே உட்காரு, பழகிடும்."

இரண்டாவது வாரம் பஸ் சீக்கிரம் வந்துவிட்டதால் ஆறே முக்காலுக்கே போய்ச் சேர்ந்தேன். கேட்டுக்கு வெளியே அண்ணனும் அண்ணியும் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். நனைந்த மெத்தை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. பெயின்ட் டப்பாக்கள், உடைந்த ஓடுகள், குழந்தைகளின் டயப்பர் நிரம்பிய பைகள், ஒரு கழிப்பறைப் பீங்கான், வாய் கட்டிய கறுப்பு மூட்டைகள் ஆறேழு. 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்ற பலகையின் கழுத்தில் யாரோ ஒரு டயரை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அண்ணன் நிமிர்ந்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவரைப்போல இருந்தது அவர் முகம்.

"எட்டு மணிக்குத்தானே வரணும்?"

"பஸ் சீக்கிரமா..."

"வந்தது வந்துட்டே. அந்த முனையைப் பிடி."

மெத்தையின் முனையைப் பிடித்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் உள்ளே போயிற்று. மூட்டைகளைப் பிரித்து, ஆகக்கூடியதை உரிய தொட்டிகளில் போட்டார்கள். ஈரக் காகிதத்தைக் காய்ந்த காகிதத்துக்கு நடுவில் செருகினார்கள். மெத்தையைக் கிழித்துப் பஞ்சைத் துணித் தொட்டியின் அடியில் அமுக்கினார்கள். எதிலும் சேராதவற்றைக் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாயின் கீழ் மூடினார்கள். நகராட்சி லாரி வரும் நாட்களில் அதில் கொஞ்சம் கொஞ்சமாக, டிரைவர் கண்டும் காணாமல் இருக்கும் அளவுக்கு மட்டும், ஏற்றி அனுப்புவார்கள். எட்டு மணிக்குக் கேட் திறந்தபோது வெளியே கூட்டித் தண்ணீர் தெளித்த தரைதான் இருந்தது. அண்ணன் பதிவேட்டை இழுத்து வைத்து ஏழாவது கட்டத்தில் வால் வைத்த பூஜ்யத்தைப் போட்டார்.

"தினமும் இப்படியாண்ணே?"

"இன்னிக்குக் கம்மி."

அவர்கள் அறைக்குள் இருந்ததெல்லாம் இப்படி வெளியே கிடந்து வந்தவைதான் என்று அண்ணி பிறகு சொன்னார். சுவர்க் கடிகாரம், நாற்காலி, கண்ணாடி பதித்த அலமாரி. இரும்புக் கட்டில் கால் உடைந்து வந்ததாம். டிப்போ வெல்டரிடம் கொடுத்து அண்ணன் ஒட்டவைத்திருந்தார். "கல்யாணத்துக்குக் கூட எங்களுக்குக் கட்டில் யாரும் குடுக்கல. இந்தக் கேட்டு வாசல்தான் குடுத்துச்சு," என்றார் அண்ணி. சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

காகித ஆலை எங்கள் லோடை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியது. ஈரம், அழுக்கு, கலப்படம் என்று சீட்டில் எழுதியிருந்தது. தெருக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து பசை டேப்பைக்கூட உரித்துவிட்டுக் கொண்டுவந்த காகிதம், யாரோ வீசிய ஈர மூட்டையால் கெட்டுப்போனது. நான் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்ல வேண்டியது வாய் வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அண்ணியின் கையில் பட்டது அடுத்த மாதம்.

அன்று நானும் சீக்கிரம் போயிருந்தேன். அதற்குள் அது வழக்கமாகிவிட்டது. அண்ணி ஒரு மூட்டையை இடுப்பில் அணைத்துத் தூக்கி வந்தார். அதற்குள் லேபிள் இல்லாத வெள்ளைக் கேன் ஒன்று இருந்திருக்கிறது. மூடி விரிசல் விட்டிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வழிந்தது.

"என்னவோ சோப்புத் தண்ணி," என்று சேலைத் தலைப்பில் துடைத்தார். "வழவழங்குது பாரு."

"வலிக்குதா அண்ணி?"

"இல்லியே."

அமிலம் என்றால் உடனே எரியும். வலிக்காமல் வழவழப்பது காரம். சாக்கடை அடைப்பு எடுக்கிற திரவமாக இருக்கும். அது தோலின் கொழுப்பையே சோப்பாக மாற்றும். அவர் கையில் வழவழத்தது அவருடைய தோல்தான்.

இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்காரவைத்தேன். இருபது நிமிடம் கையை நீட்டிப் பிடித்திருந்தேன். "போதும்டி, குளிருது," என்றார் அண்ணி. விடவில்லை. அண்ணன் பக்கத்தில் நின்று தண்ணீர் வீணாவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் அண்ணி முதல் முறை "அம்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "வேலை செய்யற இடத்துலயா?"

"இல்லீங்க, வீட்டுல," என்றார் அண்ணன். "பாத்ரூம் கழுவும்போது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"வேலைல பட்டதுன்னா காகிதம் வரும். எப்படிப் பட்டுதும்பான். மூட்டையிலன்னா எந்த மூட்டைம்பான். நம்ம கட்டத்துல பூஜ்யம்ல இருக்கு."

"பூஜ்யம் போடறதால நமக்கு என்ன கிடைக்குது?"

"ஒண்ணும் கிடைக்கல. இருக்கறது போகாம இருக்கு."

"எழுதினாத்தானேண்ணே ஆபீஸுக்குத் தெரியும்? தெரிஞ்சாத்தானே விளக்குப் போடுவாங்க, கேமரா வைப்பாங்க, இன்னொரு ஆளு போடுவாங்க? இல்லாத ஒண்ணுக்கு யாரு என்ன செய்வாங்க?"

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"நீ புத்தகத்துல படிச்சவ. நான் ஆபீஸைப் பார்த்தவன். கட்டத்துல நம்பர் வந்தா ஆள் வருவான். ஆள் வந்தா இடத்தைப் பார்ப்பான். அதுக்கப்புறம் நம்ம கையில ஒண்ணுமில்ல."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி சொன்னார்: "எழுதட்டும் விடுங்க."

"நீ சும்மா இரு."

"ஏழு வருஷமா நான் அள்ளினது எங்கயுமே இல்லைன்னுதானே எழுதி வெச்சிருக்கீங்க? அவளாச்சும் எழுதட்டும்."

அண்ணன் மறுநாள் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

முதல் வேலையாக எடை மெஷினைச் சரிபார்க்க ஆள் வரவழைத்தேன். பத்து கிலோ, இருபது கிலோ கற்களை வைத்துப் பார்த்து, முத்திரை குத்திச் சான்று கொடுத்தார். அதைப் பதிவேட்டின் முன்னட்டையில் ஒட்டினேன். பசை காயும் வரை புத்தகத்தின் மேல் ஒரு செங்கல் வைத்திருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

தினமும் காலையில் வெளியே கிடந்ததை உள்ளே எடுப்பதற்கு முன் எடை போட்டோம். அண்ணன் தூக்கிப் பார்த்து, "ஒம்பது," என்பார். மெஷின் பன்னிரண்டு காட்டும். அவர் கை தப்பாது என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிறார்.

"மெஷின் பன்னெண்டு சொல்லுதுண்ணே."

"மெஷினுக்கு என்ன, குடும்பமா குட்டியா."

பன்னிரண்டு என்று எழுதினேன்.

ஒரு காலை, கேட் திறந்திருக்கும் நேரத்திலேயே ஒரு கார் வந்து நின்றது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர் இறங்கி, பின்பக்கத்திலிருந்து இரண்டு மூட்டைகளை எடுத்துப் பலகைக்கு அடியில் வைத்தார்.

அண்ணி துடைப்பத்தோடு நின்றிருந்தார். "சார், உள்ள கொண்டாங்க. பிரிச்சுப் போடணும்."

"நேரமில்லம்மா."

"பலகையில எழுதியிருக்கே சார்."

"நான் ஒண்ணும் ரோட்டுல போடலியே. குப்பை போடற இடத்துலதானே போடறேன். நீங்க எடுக்கறதுக்குத்தானே இருக்கீங்க?"

"நாங்க எடுக்கறது பாட்டில், பேப்பர் சார். இதுல என்ன இருக்கு?"

"குப்பைதான் இருக்கு. பின்ன என்ன, பிறந்தநாள் பரிசா இருக்கும்?"

கொட்டகையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துபோய் அவர் முன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். வண்டி எண்ணையாவது பார்த்திருக்க வேண்டும். எழுந்தபோது ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்திவிட்டு வெளியே வந்தபோது கார் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணி மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"எழுதிக்கோ கெமிஸ்ட்ரி. பரிசு, பதினோரு கிலோ."

என்னால் பேச முடியாது. ஆனால் அளக்க முடியும், எழுத முடியும். அப்போது அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கட்டத்தாளை விரித்தேன். நான் அக்காவோடும் மாமாவோடும் இருக்கிறேன். இரண்டு அறை வீடு. முன்னறையில் தையல் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் இடையில் என் படுக்கை. தொண்ணூற்றிரண்டு நாளில் மூவாயிரத்து எழுநூற்று எழுபத்திரண்டு கிலோ. நாளைக்குச் சராசரி நாற்பத்தொன்று. திங்கள் காலைகளில் தொண்ணூறைத் தாண்டியது. கோடு ஏறி இறங்கி ஏறியது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் உயர ஏறியது.

மாமா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னது, குப்பைக்கு ஈசிஜி எடுத்திருக்கே? பேஷன்ட் பிழைப்பாரா?"

"சும்மா இருங்க. எவ்வளவு அழகாப் போட்டிருக்கா," என்றாள் அக்கா.

அழகாகத்தான் இருந்தது. திங்கட்கிழமைகளைச் சிவப்பில் குறித்திருந்தேன். கீழே நான்கு வரி எழுதினேன். கேட் அருகே ஒரு விளக்கு. ஒரு கேமரா. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்க அனுமதி. கையுறைகள். மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஆள் வந்தார். நகராட்சியின் சுகாதார அலுவலர். அமைதியானவர். குரலே உயராது. நான் தடுப்பதற்குள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அது ஆடியதும் ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சமாளித்துக்கொண்டார்.

"இந்த கிராஃப் நீங்க போட்டதா?"

"ஆமா சார்."

"எங்க ஆபீஸ்ல இப்படிப் போட ஆளே இல்லை. எதுவா இருந்தாலும் 'அதிகம்', 'மிக அதிகம்'னுதான் எழுதுவாங்க."

என் காது சூடானது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும்.

அவர் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். நான் சேர்ந்த தேதியைத் தாண்டி, அதற்கு முந்தைய மாதங்களுக்குப் போனார். பழைய புத்தகங்களைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் ஏழாவது கட்டத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"இதுக்கு முன்னாடி எல்லாம் பூஜ்யமா இருக்கே?"

அண்ணன் தூணோரம் கையைப் பின்னால் கட்டி நின்றிருந்தார். அலுவலர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. பூஜ்யங்கள் பொய் என்று சொன்னால், ஏழு வருடம் அரசாங்கப் பதிவேட்டில் பொய் எழுதியவர் அண்ணன். வேலை போகும். அறை போகும். பூஜ்யங்கள் உண்மை என்று சொன்னால், இந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்து மூன்றே மாதத்தில் இவ்வளவு வந்திருக்கிறது. என் கோடு தரையிலிருந்து எழுந்த கோடாகிவிடும். அதற்கும் ஒரு முடிவு உண்டு. அது என்னவென்று அப்போது தெரியவில்லை. அதனால் அதுவே மேல் என்று தோன்றியது.

மற்றப் புத்தகங்களை விளிம்பு சேர்த்து அடுக்கினேன்.

"அப்ப இவ்வளவு இல்லீங்க சார்," என்றார் அண்ணன்.

"அதான் பார்க்கறேன்," என்றார் அலுவலர். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுந்து தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். அறை வாசலில் ஒரு நொடி நின்று கட்டிலையும் கடிகாரத்தையும் பார்த்தார். அண்ணி தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். மரியாதையாக வாங்கிக் குடித்தார். கையில் என்ன தழும்பு என்று கேட்டார்.

"பாத்ரூம் கழுவும்போது சார்," என்றார் அண்ணி.

கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. 'முன்பு குப்பை கொட்டப்படாத இப்பகுதியில், மையம் இருப்பதே கொட்டுவோரை ஈர்ப்பதாகத் தரவுகள் காட்டுகின்றன. எனவே முப்பது நாட்களுக்குள் மையம் மூடப்படும். தொட்டிகள் வேறிடத்துக்கு மாற்றப்படும். காவலர் அறை காலி செய்யப்பட வேண்டும்.' தரவுகள்: இணைப்பு இரண்டு. புரட்டினேன். என் கட்டத்தாளின் நகல். கறுப்பு வெள்ளை நகல் என்பதால் திங்கட்கிழமைகளும் மற்ற நாட்களும் ஒரே நிறமாகியிருந்தன.

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். இடையில் நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"தரவுன்னா?"

"நான் எழுதினது."

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வெளியே போய், காலையில் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார்.

அண்ணிதான் பேசினார். "நான் சொல்லித்தானே எழுதினே. எனக்கும்தான் இதுல பங்கு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே."

"எங்க போவீங்க அண்ணி?"

"இவங்க தம்பி வீடு இருக்கு. மாடிப்படிக்குக் கீழ ஒரு இடம். நான் படுத்தா இவங்க உட்காரணும், இவங்க படுத்தா நான் உட்காரணும். ஷிப்டு வேலைதான், பழகிடும்."

மறுநாள் நான் அலுவலகத்துக்குப் போனேன். பஸ்ஸில் சொல்லப்போவதை ஐம்பது தடவை சொல்லிப் பார்த்தேன். சுகாதார அலுவலர் அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம். உள்ளே கூப்பிட்டபோது நின்றுகொண்டே சொன்னேன்.

"சார், எங்க எடை மெஷின் சரியில்லாம இருந்திருக்கு. இப்பத்தான் கவனிச்சேன். அந்த எண்களெல்லாம் தப்பு. அவ்வளவு கொட்டல. ரொம்பக் கம்மி."

நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. குரல் நடுங்கவில்லை.

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து எங்கள் பதிவேட்டை எடுத்தார். கடிதம் வந்த அன்றே அவர்கள் ஆள் அனுப்பி வாங்கிப் போயிருந்தார்கள். முன்னட்டையைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். முத்திரை குத்திய சான்று. நான்கு மூலையும் படிய ஒட்டியிருந்தது. ஒரு மூலைகூடப் பெயர்ந்திருக்கவில்லை.

"இது நீங்க ஒட்டினதுதானே?"

"ஆமா."

"ரொம்ப ஒழுங்கா வேலை பார்க்கறீங்க," என்றார். கேலியில்லை. "அவங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா பிரச்சினையை நீங்கதானே எடுத்துச் சொன்னீங்க. நாங்க தீர்த்து வைக்கிறோம்."

"விளக்குதான் சார் கேட்டேன்."

"விளக்குப் போட்டா வெளிச்சத்துல கொட்டுவாங்க. இடமே இல்லேன்னா எங்க கொட்டுவாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பஸ் ஏறி நான்கு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அது வார்த்தையாக வந்தது.

மூடுவதற்கு முந்தைய வாரம் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், கடைசி நாள் வரை எழுத. தெருக்காரர்கள் வழக்கம்போல வந்தார்கள். எல்லோரிடமும் மூடப்போகிற செய்தியைச் சொன்னோம். "அடப்பாவமே," என்றார்கள். சிலர் மனு கொடுக்கலாம் என்றார்கள். வலிக்காகக் கழுத்துப்பட்டை போட்டிருந்த ஒரு பெண்மணி மட்டும் வெகு நேரம் நின்றார். அவர் ஒவ்வொரு வியாழனும் பாட்டில்களைக் கழுவி, லேபிள் கிழித்து, துடைத்துக் கொண்டுவருவார். "அப்ப இதையெல்லாம் நான் எங்க கொண்டு போறது?" என்று கேட்டார்.

அண்ணன் சாமான்களைக் கட்டினார். எதைக் கட்டினாலும் தூக்கி எடை சொன்னார். பழக்கதோஷம். பாத்திர மூட்டை, ஏழு. துணி, பதினாலு. அலமாரியைப் பிரித்து டிப்போ வெல்டருக்குக் கொடுத்தார். கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கண்ணை மூடினார்.

"முப்பத்தாறரை."

"மெஷின்ல பார்க்கலாமாண்ணே?"

"வேண்டாம். எங்களுக்குள்ள அது வேண்டாம்."

மாடிப்படிக்குக் கீழே கட்டில் நுழையாது. வெல்டர் வேண்டாம் என்றுவிட்டார். யாருக்குக் கொடுக்கலாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசி நாளுக்கு முந்தின மாலை லாரி வந்து ஐந்து தொட்டிகளையும் ஏற்றிப் போனது. தொட்டிகள் இருந்த இடத்தில் புல் முளைக்காத ஐந்து சதுரங்கள் தெரிந்தன. அண்ணனும் அண்ணியும் ஆறு மணிக்கு ஆட்டோவில் ஏறினார்கள். அண்ணி தழும்புக் கையால் என் கன்னத்தைத் தொட்டார். "நல்லா சாப்பிடு," என்றார். அண்ணன் சாவியை என்னிடம் கொடுத்தார். காலையில் அலுவலரிடம் நான் ஒப்படைக்க வேண்டும். ஆட்டோ கிளம்புகிற நேரத்தில் தலையை வெளியே நீட்டி, "ஸ்டூலை அவருக்குப் போட்டு வை," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமானதால் நானும் கிளம்பிவிட்டேன். அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

காலை ஏழு மணிக்குப் போனபோது கேட்டுக்கு வெளியே வழக்கம்போல ஐந்து மூட்டைகள், ஓர் உடைந்த நாற்காலி, சிமெண்ட் கட்டிகள். அவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, யார் வழியிலும் படாமல், சுவரோரமாக அந்தக் கட்டில் நிமிர்ந்து நின்றது. கால்கள் உள்ளே மடங்கி, கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அண்ணனின் முடிச்சு. தொட்டி இல்லாத இடத்தில் இரும்பை எங்கே போடுவது என்று தெரியாமல், ஆட்டோ வருவதற்கு முன்பே, நான் உள்ளே கணக்கு முடித்துக்கொண்டிருந்தபோது கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். போகும்போது அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். பார்க்கவில்லை.

மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தேன். கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பழைய தார்ப்பாயால் மூடினேன். நாற்காலியும் சிமெண்டும் அதன் கீழ். கட்டிலை என்னால் தூக்க முடியவில்லை. ஒரு முனையை மெஷினில் ஏற்றினேன். பிறகு மறுமுனையை இழுத்தேன். முப்பத்தாறு புள்ளி ஆறு. அங்கிருந்து அறைக்குள் இழுத்துப் போய், முடிச்சை அவிழ்த்து, கால்களை விரித்தேன். தரையில் நான்கு வெளிறிய வட்டங்கள் இருந்தன. அவற்றின் மேல் நான்கு கால்களையும் சரியாக வைத்தேன். கடைசிக் கால் கொஞ்சம் விலகியிருந்தது. குனிந்து நகர்த்தினேன்.

வெளியே வந்து கூட்டினேன். தண்ணீர் தெளித்தேன். பதிவேட்டைத் திறந்து தேதி எழுதினேன். ஐந்து கட்டங்களில் குறுக்குக் கோடு. ஏழாவது கட்டத்தின் மேல் பேனா நின்றது. கட்டிலை எழுதினால் யார் வைத்தது என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அதை அந்தத் தலைப்பின் கீழ் என்னால் எழுத முடியவில்லை. மூட்டைகளை மட்டும் எழுதலாமா என்று யோசித்தேன். பூஜ்யம் போட்டேன். வால் வைக்கப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

பத்து மணிக்கு அலுவலர் வந்தார். சாவியை வாங்கிக்கொண்டார்.

"அறை காலிதானே?"

"ஒரு கட்டில் இருக்கு சார்."

"இருக்கட்டும்."

பதிவேட்டைக் காரின் மேல் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். ஏழாவது கட்டத்தில் அவர் விரல் நின்றது. ஈரம் காயாத தரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா? தொட்டியை எடுத்த மறுநாளே நின்னுபோச்சு."

நான் தார்ப்பாய் இருந்த திசையைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது வாய் வரை வந்தது.

அவர் கேட்டை இழுத்துப் பூட்டினார். பூட்டை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். அப்போது தெருமுனையில் கழுத்துப்பட்டை போட்ட பெண்மணி கையில் பையோடு வந்தார். வியாழக்கிழமை.

"மூடியாச்சும்மா," என்றார் அலுவலர்.

"தெரியும் சார். கையோட வந்துட்டேன்."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அந்தப் பெண்மணி தலையாட்டினார். கார் கிளம்பித் திருப்பத்தில் மறையும் வரை பொறுத்திருந்தார். பிறகு குனிந்து பையிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டோரமாக வரிசையாக வைத்தார். கழுவித் துடைத்த எட்டுப் பாட்டில்கள். ஒன்று சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தார்.

"யாராச்சும் எடுத்துப்பாங்க இல்லம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

பதிவேடு காரில் போய்விட்டிருந்தது. நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.